கன்னத்தில் கண் வைத்த மீன்

கமோ துறைமுகம்
12 அக்டோபர் 1986

அன்புள்ள எய்சாகுவுக்கு,

தோகுஜி எழுதுவது. நலம்தான். நீ மகன் வீட்டோடு குமாகயாவில் போய்க் குடியேறி ஒரு வருஷம் ஆகப் போகிறது. கடற்காற்றே படாத ஊரில் உனக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ! இங்கே ஆற்றங்கரையில் எல்லாரும் சேப்பங்கிழங்கும் பன்றிக்கறியும் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். நீ இல்லாமல் எனக்குப் போகப் பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். குரோதை மீன் பிடித்துவிட்டேன்! நாம் இரண்டு பேரும் ஆயுசு முழுக்கக் காத்திருந்த அளவு, ஐம்பது சென்டிமீட்டருக்கு மேலே. மீன் மேல் மை தடவித் தாளில் ஒற்றி எடுத்த அச்சை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தூண்டில் கடை ஹாருயோவிடம் காட்டினால், "அண்ணே, பாத்தவங்க பேரு எங்க? அது இல்லாம சுவத்துல ஒட்டுனா, நாளைக்கு ஊரே திமிங்கிலத்தோட வந்து நிக்கும்" என்கிறாள்.

உன் மீனுக்கு நான் சாட்சி, என் மீனுக்கு நீ சாட்சி என்றுதானே இருந்தோம்? 'பார்த்தவர்' என்ற இடத்தில் உன் பேர் முத்திரையை வைத்து அனுப்பு.

உன்
தோகுஜி

குமாகயா
19 அக்டோபர்

அன்புத் தோகுஜி,

தாளைப் பிரித்ததும் நம் கடலே வீட்டுக்குள் வந்துவிட்டது. மூக்கை வைத்து மோந்து பார்த்தேன், மருமகள் சிரித்தாள். முதுகு முள்ளை விரித்து ஒற்றியிருக்கும் அழகுக்கே ஒரு கோப்பை சாக்கே குடித்தேன்.

மீன் நீ பிடித்ததுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முத்திரை வைக்க மாட்டேன். நான் பார்க்கவில்லையே.

இன்னொன்று. அச்சில் விழாத கண்ணைக் கடைசியில் தூரிகையால் எழுதுவாயே, அதை எங்கே வைத்திருக்கிறாய் பார். கண்ணுக்கு விட்ட வட்டம் வெறுமையாக இருக்கிறது. கண் கன்னத்தில் கிடக்கிறது. என் மீன்களுக்கெல்லாம் கண் எழுதித் தந்தவன் நீ. எனக்குப் பயமாக இருக்கிறதடா. தூண்டில் தக்கை தெரிகிறதா உனக்கு? அந்தப் பாசி பிடித்த அலைத்தடுப்பில் தனியாகவா நிற்கிறாய்?

எய்சாகு

கமோ
24 அக்டோபர்

எய்சாகு,

அவசரத்தில் கை தவறியது, அவ்வளவுதான். முத்திரை கேட்டால் வைத்தியம் பார்க்கிறாய். தாளைத் திருப்பி அனுப்பு. இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

தோகுஜி

கமோ
16 நவம்பர்

அன்புள்ள எய்சாகுவுக்கு,

கையெழுத்தைப் பார்த்து மிரளாதே. நான் சொல்லச் சொல்ல ஹாருயோ எழுதுகிறாள். (அண்ணன் திட்டுறத எல்லாம் விட்டுட்டுத்தான் எழுதுறேன் – ஹாருயோ.)

தாளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. கோபமா?

தக்கை தெரியவில்லை. வசந்த காலத்திலிருந்தே தெரியவில்லை. நூலை விரலில் சுற்றிக்கொண்டு, அது துடித்த துடிப்பில்தான் அந்த மீனை இழுத்தேன். கண்ணைக் கீற வேண்டும், கட்டுப் போட்டுப் படுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்குப் பயம். போகவில்லை.

ஹாருயோவின் சுவரும் எனக்கு வேண்டாம், பேரும் வேண்டாம். நீ போன பிறகு என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரு தாளிலாவது உன் பேரும் என் பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

தோகுஜி

குமாகயா
20 நவம்பர்

அன்புத் தோகுஜி,

கோபம் இல்லை. தாளைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. அனுப்பிவிட்டால் உன் கடிதம் நின்றுவிடுமோ என்று பிடித்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போகிறேன், கட்டுப் பிரிக்கும் வரை உன் வீட்டில்தான் இருப்பேன். அப்புறம் அலைத்தடுப்புக்குப் போவோம். நூலை நீ பிடி, தக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன். சுண்டுவிரல் நீளத்துக் குஞ்சு விழுந்தாலும் அச்சு எடுத்துவிடலாம். முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஹாருயோ, இதை அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. அவன் அழுதால் அதை எனக்கு எழுதாதே.

எய்சாகு