பிரசவம் சேர்ந்த திட்டம்

வியாசர்பாடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மித்ராவுக்கு,

உன் எழிலன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தோஹாவில் நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சிரி. நீ சிரித்து ஒரு வாரம் ஆகிறது. ஷாகுல் ஹமீது லீவு முடிந்து நாளை அங்கே கிளம்புகிறான். நெத்திலிக் கருவாட்டோடு இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. படி ஏறி இறங்குகிறாள், வரும்போது நாலு வீட்டு வம்பையும் கொண்டு வருகிறாள். திருவொற்றியூர் யார்டில் எனக்குப் பகல் ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள். கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசியில் சட்டைதான் கலீஜாகிறது. மற்றபடி குறையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு உன் ஹோட்டலில் தருகிற மெடிக்கல் இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்டாய். சாதாரணத் திட்டம் போதுமா, சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தாலும் பரவாயில்லை என்று பிரசவம் சேர்ந்ததை எடுக்கலாமா என்று. நம் வீட்டில் உன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டே ஆக வேண்டும், உனக்குத் தெரியாததா? அம்மா ஒரு பக்கம், எதிர்வீட்டு ராமசெல்வி அக்கா ஒரு பக்கம். அன்றைக்கென்று அக்கா குறுக்கே புகுந்து, "இன்னா மித்ரா, பொங்கலுக்கு வந்துட்டுப் போனியே, விசேஷம் எதுனா கீதா?" என்று கேட்டுவிட்டாள். பேச்சு எங்கே போய் நிற்குமோ என்று எனக்குப் பதறியது. "பிரசவம்லாம் நமக்கு எதுக்கு, வேணாம் வுடு" என்று சொல்லித் தொலைத்தேன். அக்காவின் வாயை அடைக்கத்தான் சொன்னேன். அதிலிருந்து நீ என்னிடம் கேட்பதெல்லாம் சாப்பிட்டாயா, அம்மா தூங்கியாச்சா, அவ்வளவுதான்.

எந்தத் திட்டம் நல்லது என்று கேட்க, கல்மண்டபம் போய் ஷாகுலைப் பார்த்தேன். பிரசவம் சேர்ந்ததை எடுத்தாலும் அந்தச் செலவை அவர்கள் ஏற்க ஒரு வருஷம் போக வேண்டுமாம். இப்போது விட்டால் அடுத்த வருஷம்தான் மறுபடி சேர முடியுமாம். இவ்வளவும் சொல்லிவிட்டு என்னை முறைத்தான். "டேய் எழிலா, தங்கச்சி இன்சூரன்ஸா கேட்டுச்சு? உன் மனசுல இன்னா கீதுன்னு கேட்டுக்கீது. நீ வேணாம்னுட்டே" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

ஆசை இருக்கிறது மித்ரா. ரொம்ப இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வெறுங்கையோடு கூட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் நீ உடைந்துபோவாய் என்று இருந்தேன். நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டாயோ என்னவோ. பயமும் இருக்கிறது. ஏழு மாதம் சுமந்தவள் நீ. இனி முடியாது என்று உனக்குத் தோன்றினால் சாதாரணத் திட்டத்தையே எடு, எனக்கு உன்மேல் ஒரு வருத்தமும் வராது. முடியும் என்று தோன்றினால் என்னைக் கேட்காமலே மற்றதை எடு. வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றாயே, அதனால்தான் இந்த அவசரம்.

ஷாகுலின் அக்கா மகளும் தோஹாவில்தான் வேலை பார்க்கிறாளாம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் தனியாகப் போகாதே, அவளைக் கூப்பிட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

எந்தத் திட்டமானாலும் ஒன்று சொல்கிறேன். இதற்கு முன் கர்ப்பம் உண்டா என்று இன்சூரன்ஸ் பாரத்தில் கேட்கிறார்கள், ரூமில் இருக்கிற பெண்கள் 'இல்லை' என்று போடச் சொல்கிறார்கள் என்றாய். மறைத்தால் பிற்பாடு ஒன்றும் தரமாட்டார்கள் என்று ஷாகுல் சொல்கிறான். அது கிடக்கட்டும். மதி என்று பெயர் வைத்துக் காத்திருந்த பிள்ளையை இல்லை என்று நம் கையால் எழுத வேண்டாம். உண்டு என்று எழுது, மித்ரா.

என்றும் உன்
எழிலன்