உடைந்த மூன்று ஷீட்

மார்ச் 3

சமையலறைக் கூரையை மாற்றும் வேலை தொடங்கியது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மொத்தம் பதினொன்று. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் மேஸ்திரி மூன்றைச் சம்மட்டியால் உடைத்துவிட்டார். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவதைவிட இது சுலபமாம். கீழே சித்தாள் அக்கா தண்ணீர்கூடத் தெளிக்காமல் பெருக்கிக்கொண்டிருந்தார். தூசி வெயிலில் மினுங்கியது.

ஏணியில் ஏறிப்போய்ச் சொன்னேன். "உடைக்காதீங்க. இந்தத் தூசி உள்ள போனா நுரையீரல்லயே தங்கிடும். இருபது வருஷம் கழிச்சுக்கூடப் புற்றுநோய் வரும்."

"முப்பது வருஷமா இதுக்குக் கீழதானே தம்பி சோறு தின்னீங்க? அப்ப வராததா?"

அப்பாவிடம் சொன்னால் அவரும் சிரிக்கிறார். வேலையை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 4

அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா கூடத்தில் சமைக்கிறாள், பாத்திரங்களை வேண்டுமென்றே ஓசையோடு வைத்தபடி.

மார்ச் 6

நகராட்சிக்கு நான்கு முறை போன். பயிற்சி பெற்ற ஆட்கள் வருவார்களாம். நனைத்து, முழுதாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி எடுப்பார்களாம். "உடைஞ்சது எங்க?" என்று கேட்டார்கள்.

எங்கே? கொல்லையில் ஒரு துண்டுகூட இல்லை.

மேஸ்திரி சொல்கிறார்: "உங்க வீட்ட விட்டுப் போயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?"

மார்ச் 7

உடைந்த துண்டெல்லாம் சித்தாள் அக்கா வீட்டில் இருக்கிறது. மேஸ்திரி சும்மா கொடுத்தாராம். பெரிய மனசு! புதுக் குளியலறையில் கொட்டி, இடித்து, தரையை மேடாக்கியிருக்கிறார்கள். மேலே சிமென்ட் இன்னும் பூசவில்லை.

"எப்படிக் கெட்டியா உக்காந்திருக்கு பாரு தம்பி" என்று மிதித்துக் காட்டினார்.

அந்தத் தூசி என்ன செய்யும் என்று சொன்னேன். மிதித்த காலை எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

தெரியும். மேஸ்திரியிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், ஜன்னலைச் சாத்து என்று அம்மாவிடம் சொன்னேன். துடைப்பம் பிடித்திருந்தவரிடம் சொல்லவில்லை. ஏன்? மறதி இல்லை. அவர் கண்ணிலேயே படவில்லை எனக்கு. கூட்டங்களில் மேடையேறினால் மட்டும் கிழிகிழி என்று கிழிப்பேன், தொழிலாளி, உரிமை— சீ.

மார்ச் 10

ஆட்கள் வந்தார்கள். மீதி எட்டும் உடையாமல் இறங்கின. அக்கா வீட்டுக்கு வரமாட்டோம், பதிந்த முகவரியில்தான் எடுப்போம் என்றார்கள். சரக்கு எங்களுடையது, எங்கள் பெயரிலேயே எழுதுங்கள் என்று ஒரு மணி நேரம் கத்தினேன். வந்தார்கள். தரையை நனைத்துத் தோண்டியதில் பதினான்கு மூட்டை. கையெழுத்து போட்டது நான். அக்கா தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 19

புதுத் தகரம் போட்டாயிற்று. பெருக்க வேறு ஆள் வந்திருந்தார். அக்கா எங்கே என்றேன்.

"அடுத்த தெருவுல வேலை. நேத்து அங்க பழைய ஷீட்டு இறக்க வேண்டியிருந்துச்சு. என்ன ஷீட்டு இது, மொதல்ல தண்ணி தெளி, அப்புறந்தான் துடைப்பத்தத் தொடுவேன்னு உக்காந்துட்டா" என்றார் மேஸ்திரி. "மத்த பொம்பளைங்களையும் உக்கார வச்சுட்டா. அரை நாள் போச்சு. எல்லாம் உங்களாலதான்."

என்னால் இல்லை, அது அக்காவே செய்தது. ஆனால் அதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை.