முன் கண்ணாடிக்கு ஒரு கவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அண்ணியின் கையெழுத்தை நீ பார்த்துப் பல வருடம் இருக்கும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஏதோ இருக்கிறோம். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தாயா, இல்லை வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டாயா? உன் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய், அண்ணனுடைய படுக்கை வேனின் முன் கண்ணாடிக்குக் குளிர் தாங்குகிற கவர் வாங்கி அனுப்புகிறேன், உள்ளே மாட்டுவதா, வெளியே மாட்டுவதா என்று. ஐந்து படம் வேறு அனுப்பினாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். போனில் சொல்ல வழியில்லை, நான் போனை எடுத்தாலே உன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதில் விழக் கூடாதது இதில் நிறைய இருக்கிறது. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் அண்ணனுக்கு மறதி நோய். டாக்டர் பார்த்துச் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. உன்னிடம் மறைத்தது நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

முதலில் கவர் விஷயத்தை முடிக்கிறேன். வேன் சாமான் விற்கிற கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. உள்ளே மாட்டுகிற கவர், அழுத்தினால் ஒட்டுகிற குட்டி ரப்பர் கிண்ணங்களால் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளுமாம். "ரொம்ப சுலபம்மா, சீட்டுல உக்காந்தபடியே பிச்சு எடுத்துரலாம். ஆனா காலையில கண்ணாடி பூரா வேர்த்து நிக்கும், துடைச்சு மாளாது" என்றார். வெளியே மாட்டுவது அப்படி இல்லை. அதன் இரண்டு ஓரத்தையும் கதவுக்குள் விட்டு, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டால் யாரும் உருவ முடியாது. குளிர் கண்ணாடிக்கே வராது. ஆனால் கிளம்பும்போது ஒருவர் கீழே இறங்கித்தான் கழற்ற வேண்டும். "அதான் கூட நீங்க இருக்கீங்களே, இறங்கிக் கழட்டிட்டு ஏறினா ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தார். நான் படம் போட்ட காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தையல்காரிக்குக் கடைக் கவர் எதற்கு என்று நீ கேட்கலாம். தைத்தேன், பாப்பா. போன குளிர்காலத்தில், வெளியே மாட்டுகிற மாதிரியேதான். செய்தித்தாளைக் கண்ணாடியில் ஒட்டி அளவெடுத்து, வெள்ளித் துணியும் பஞ்சும் வைத்துத் தைத்தேன். முன் கண்ணாடிக்கு அச்சாக வந்தது. கதவுக் கண்ணாடிக்கு வரும் இரண்டு துண்டையும் இடது பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டுவார்கள், அவர்களை நான் வறுத்தெடுப்பேன். துணி மீதி இல்லாததால் வலது பக்கத் துண்டை உள்வெளியாகத் திருப்பித் தைத்து ஒப்பேற்றினேன். அந்தப் பக்கம் இன்றுவரை சரியாக உட்காராது. உன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பது வருஷம் ஊருக்கே தைச்ச கை" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை ஏன் தவறியது என்று அவருக்குத் தெரியாது. அன்று அளவெடுக்கும்போது செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இது யாருடைய வண்டி என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன், அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே. நானும் கேலியாக, உங்க மாமனாருடையது என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஏரிக்கரைக்குப் போய் வேனிலேயே படுத்துத் தங்கியிருந்தோம். உனக்குக்கூடப் படம் அனுப்பினேன். திரும்புகிற அன்று காலையில் வழக்கம்போல் அவர் இன்ஜினைப் போட்டார், நான் இறங்கிக் கவரைக் கழற்றினேன். உதறி நாலாக மடித்துக்கொண்டிருக்கும்போது வண்டி நகர்ந்தது. திருப்பி நிறுத்துகிறார் என்று நினைத்தேன். வளைவு வரைக்கும் போய், இண்டிகேட்டர் எல்லாம் ஒழுங்காகப் போட்டுத் திரும்பிப் போய்விட்டார். என் போன், பை எல்லாம் வண்டிக்குள். காலில் வீட்டுச் செருப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கவரைப் போர்த்திக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் தைத்திருக்கிறேன், குளிர் தெரியவில்லை. அப்புறம் ரொட்டி வண்டிக்காரர் ஒருவர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த ஊர் பஸ் நிலையத்தில் நம் வேன் நின்றது. நடைமேடையை ஒட்டிக் கோடு பிசகாமல் நிறுத்தியிருந்தார். பக்கக் கதவு திறந்திருந்தது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினவர் இல்லையா. நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். என்னைப் பார்த்து, "எங்கம்மா போகணும்? ஏறி உக்காருங்க, இன்னும் அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவேன்" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். பயணிகளிடம் முகம் சுளிக்காதவர் என்று அவருக்கு எப்போதும் பேர் உண்டு. நம் ஊர்ப் பேரைச் சொன்னேன். "நேரா போகும்" என்றார். ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் ரொட்டி வண்டிக்காரர் போய் நிலைய அதிகாரியைக் கூட்டி வந்தார். அந்த மனிதருக்கு அன்று யார் புத்தி கொடுத்தார்களோ. சாவியைப் பிடுங்கவில்லை, சத்தம் போடவில்லை. ஜன்னல் பக்கம் நின்று, "அண்ணே, உங்க டூட்டி முடிஞ்சுது, மாத்து டிரைவர் வந்தாச்சு" என்றார். உன் அண்ணன் உடனே இன்ஜினை அணைத்தார். சாவியைக் கொடுத்தார். பிரேக் கொஞ்சம் இழுக்குது, பார்த்து ஓட்டச் சொல்லுங்க என்றார். வருகிற மாத்து டிரைவரிடம் வண்டியின் குறையைச் சொல்லாமல் எந்த டிரைவரும் இறங்க மாட்டாராம். நிலைய ஆள் ஒருவர்தான் எங்களை வீடு வரைக்கும் ஓட்டி வந்து விட்டார். பாதி வழியில் உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, டீ குடிச்சியா என்று கேட்டார். அப்போது நான் யார் என்று தெரிந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, பாப்பா. வரும் வரும் என்று இதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே மரத்துப்போய்க் கிடக்கிறது.

அவர் இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனை விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்குள் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு அறை அறையாக நடக்கிறார், கால் வீங்கும் வரைக்கும். வேனுக்குள் கூட்டிப்போனால் அடங்கிவிடுகிறார். அதனால் மதியம் சாப்பிட்டதும் இரண்டு பேரும் வாசலில் நிற்கிற வேனில் ஏறிக்கொள்கிறோம். நான் கவரை மாட்டி எல்லாக் கதவையும் பூட்டிவிடுவேன். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்ப்பார். இருட்டாக இருந்தால், "இன்னும் விடியல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். இரண்டு மணி நேரம் தூங்குகிறார். எழுந்ததும் நான் கவரைக் கழற்றி, வந்து சேர்ந்துவிட்டோம் என்பேன். இறங்கி நம் வீட்டைப் பார்த்து, "நல்ல இடமா இருக்கே" என்பார். சாவி எங்கே என்று கேட்டால், மாத்து டிரைவர் வாங்கிக்கொண்டு போனார் என்பேன். சரி என்று விட்டுவிடுவார். இது ஏமாற்று வேலைதான், தெரிந்துதான் செய்கிறேன்.

ஆனால் நான் வெட்டின லட்சணத்தில் அவர் பக்கத்துக் கதவில் வெயில் கசிகிறது. அதைப் பார்த்துவிட்டால் நேரமாயிற்று என்று கதவை உலுக்க ஆரம்பித்துவிடுகிறார். நேற்று விரலில் அடிபட்டுக்கொண்டார். புதிதாகத் தைக்கலாம்தான், இப்போதெல்லாம் கத்திரிக்கோலை எடுத்தால் எனக்குக் கை ஓடவில்லை. ஆகவே, பாப்பா, வெளியே மாட்டுகிற கவரே அனுப்பு. நீ அனுப்பியதில் ஐந்தாவது படம். உள்பக்கம் கறுப்புத் துணி உள்ளது. மூன்றாவது படத்தில் முன்பக்கம் பாதி மடிந்து இறங்கும், பார்க்க அழகாக இருக்கிறது, அது வேண்டாம். வெளிச்சம் ஒரு பொட்டு வரக் கூடாது. வேனின் வருடத்தையும் மாடலையும் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, ஆனால் பெரும்பாலும் வாழ்க்கையில் பின்னால் வந்தவர்கள் முன்னால் மறந்துபோவார்கள் என்று டாக்டர் சொன்னார். நீ அவருடைய எட்டு வயதில் வந்தவள். நான் இருபத்தாறு வயதில் வந்தவள். இந்த வாரம் நான்கு நாளாக என்னை "நீங்க" என்கிறார். ஒரு காபி கிடைக்குமாம்மா என்று கேட்கிறார். போட்டுக் கொடுத்தால் நன்றி சொல்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நன்றி சொல்லாத மனிதர்.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. உன் வேலை, வீடு எல்லாம் எனக்குத் தெரியும். அவர் போனில் ஏதாவது ஊர்ப் பேரைச் சொல்லி, வந்து சேர்ந்துவிட்டோம் என்றால், இல்லை என்று சொல்லாதே. ரோடு எப்படி இருந்தது என்று கேள், சந்தோஷமாகச் சொல்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிகிற நேரத்தில், அண்ணி எங்கே என்று நீ அவரிடம் கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது, சும்மா கேட்டிருப்பாய். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இங்கதான் இருக்கா, எங்க போகப் போறா" என்றார். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் அவருக்கு "நீ" ஆகத்தான் இருந்தேன். அதனால் முடிந்தால் தினமும் ஒரு நிமிஷம் போன் பண்ணு. என்னிடம் பேச வேண்டாம், அவரிடம் பேசு. பேச்சுக்கு நடுவில் ஒரு தடவை, அண்ணி எங்கே என்று மட்டும் கேள்.

நீயும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி