என் தங்கச்சி என்னைத் தோற்கடித்த தேர்தல்

அன்பு மச்சான் சந்தியோகுவுக்கு,

வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது. கடல் இன்றைக்கு மூச்சுவிட மறந்ததுபோல் கிடக்கிறது. பூநாரைகள் இன்னும் போகவில்லை. ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாக நிற்கின்றனவா, நேராக நிற்கின்றனவா என்று தெரியவில்லை. எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியாத இந்த மத்தியானத்தில், கரையில் ஏற்றிவைத்த படகின் நிழலில் இருந்து உனக்கு எழுதுகிறேன். கொஞ்ச நேரம் கண் சிமிட்டாமல் பார்த்தால், அந்தப் பறவைகளுக்கு நடுவில் நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வருகிறாய். வாறியோ மச்சான்?

உனக்கு ஒரு செய்தி. நீ இருந்து, நீ கண்ணை மூடின பிறகு நான் இருந்த மீனவர் சங்கத் தலைவர் கதிரையில் இப்போது பிலோமினா இருக்கிறாள். ஓம், உன் மனைவிதான். என் தங்கச்சிதான். என்னைத் தோற்கடித்துவிட்டுத்தான் இருக்கிறாள். சிரிக்கிறாய், தெரியும். சிரித்து முடி, பிறகு சொல்கிறேன்.

எல்லாம் டிலானியால் வந்தது. என் கடைக்குட்டி, நீ போகும்போது பள்ளிச் சீருடையில் திரிந்தவள். இப்போது யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்ன பாடம் என்று கேட்டேன். குடியியல் கல்வியாம், சனங்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றின படிப்பாம். முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் அடுத்த கேள்வியை விழுங்கிவிட்டேன். ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் வழுக்கினவன் அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது?

இந்த முறை அவர்களுக்கு ஓர் ஒப்படை. சொந்த ஊரில் ஓர் அமைப்பைத் தெரிந்தெடுத்து, அங்கே யார் முடிவெடுக்கிறார்கள் என்று கவனித்து எழுத வேண்டும். ஊருக்கு வருகிற பஸ் அடம்பனைத் தாண்டும்போதே போன் எடுத்தாள், நம்முடைய சங்கத்தைத்தான் எழுதப்போகிறாள் என்று. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மகள் தகப்பனைப் புகழ்ந்து கட்டுரை எழுதப்போகிறாள் என்று நினைத்து, படம் எடுப்பாளோ என்று ஒரு சேட்டும் அயன் பண்ணி வைத்தேன்.

அவள் கேட்டது கூட்டக் குறிப்புப் புத்தகத்தை. இரண்டு நாள் இருந்து வாசித்தாள். கரையில் நண்டு தரம் பிரிக்கிற, மீன் காயவைக்கிற பெண்களுக்கு நிழலுக்கு ஒரு கொட்டிலும் கழிப்பறையும் வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் கோரிக்கை இருக்கிறது. அதன்கீழ் ஒவ்வொரு வருஷமும் என் கையெழுத்தில், ‘அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்.’

“எழுத்து வடிவா இருக்கு அப்பா,” என்றாள்.

அந்த வெய்யிலில் நிற்கிறவர்களில் பிலோமினாவும் ஒருத்தி. அவளுடைய வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கொட்டிலைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். நானும் ஓம், ஓம் என்றபடி சோற்றைப் பிசைந்திருக்கிறேன். எத்தனை வருஷம் அப்படிப் பிசைந்தேன் மச்சான்?

நம்முடைய தேர்தல் உனக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நாலு பெரியவர்கள் ஒரு பேரைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். கூட்டத்தில் அதை வாசிப்பார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், தேத்தண்ணி வரும். நீயும் அப்படித்தான் வந்தாய், நானும் அப்படித்தான். இந்த முறையும் என் பேரை வாசித்தார்கள். தட்டுவதற்குக் கைகள் உயர்ந்த நேரம், பின்வரிசைப் பெண்களுக்கு நடுவில் இருந்து பிலோமினா எழும்பித் தன் பேரையும் போடச் சொன்னாள்.

உயர்ந்த கைகளை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “அண்ணனுக்கு எதிராவோ பிள்ளை?”

“அண்ணனுக்கு எதிரா இல்லை. கொட்டிலுக்காக.”

வந்திருந்த மீன்பிடி அதிகாரி, இரண்டு பேர் என்றால் இரகசிய வாக்கெடுப்புத்தான் என்றார். டிலானியின் கொப்பியைக் கிழித்து வாக்குச் சீட்டு. ஐஸும் மீனும் போடுகிற வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டியின் மூடியில் வெட்டின ஓட்டைதான் வாக்குப் பெட்டி. மறைப்புக்கு என்ன என்று தேடி, கைக்கு வந்த பழக்கத்தில் மூலையில் வலையைக் கட்டிவிட்டோம். முதல் ஆள் உள்ளே போய் எழுதுகிறார், மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டிலானி கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு வலையைக் கழற்றி நீலத் தார்ப்பாய்ப் படங்கு கட்டினோம்.

என் முறை வந்தது. படங்குக்குள் வெளிச்சமெல்லாம் நீலம். வெளியே சனங்களின் பேச்சு, கடலுக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் எங்கேயோ தூரத்தில். என் கையும் நீலமாக இருந்தது. பக்கத்தில் நீ நிற்பதுபோல் ஒரு சூடு. அங்கே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

மீனைப் பங்கு பிரிக்கிறவன் தன் பங்கைக் கடைசியில்தானே எடுப்பான்? முதல் கை வைத்தால் கரையில் அவனுக்கு மரியாதை உண்டோ? என் பேருக்கு நேரே நானே புள்ளடி போடுவது, குவியலுக்குள் முதல் கையை விடுவதுபோல் கூச்சமாக இருந்தது. பிலோமினாவின் பேருக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வாக்கால் தோற்றேன்.

கரை வழியே வீட்டுக்கு நடக்கும்போது டிலானியிடம் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். நான் எனக்குப் போட்டிருந்தால் நான்தான் ஒரு வாக்கால் தலைவர் என்று விரலில் எண்ணிக் காட்டினாள். அந்தக் கணக்கிலும் வழுக்கியிருக்கிறேன் பார். இதை ஒப்படையில் எழுதட்டோ என்று கேட்டாள். எழுது, தகப்பன் பேரை மட்டும் போடாதே என்றேன்.

சங்கத்து அலுமாரியைப் பூட்டுகிற திறப்பைக் கொடுக்கப் போனபோது பிலோமினாவிடமும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுடைய முகம் வாடிவிட்டது. திறப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப இது நான் வெண்டதோ, நீங்கள் தந்ததோ?” என்று கேட்டாள். “சின்ன வயசில இருந்து விட்டுத் தந்து தந்தே என்னைக் கதைக்க விடேல்லை அண்ணா. அடுத்த முறை நில்லுங்கோ. உங்களுக்கே போடுங்கோ. அப்பவும் நான் வெல்லுவன்.”

இப்போதும் யோசிக்கிறேன். அந்த நீல வெளிச்சத்தில் என் கையைப் பிடித்தது யார்? வழக்கமா, வெட்கமா, அவள் வெல்லட்டும் என்ற ஆசையா, இல்லை நீயா?

கொட்டிலுக்குத் தூண் நட்டாயிற்று. குழி வெட்டினவர்களில் நானும் ஒருவன். ஆழம் போதாது என்று தலைவர் என்னைத் திருப்பி வெட்ட வைத்தார்.

மச்சான், உன்மேல் சத்தியம். அடுத்த முறை நானும் பேர் கொடுப்பேன். அதுவரை கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பி அவளிடம் கேள்வி கேட்பேன். கூசினாலும் என் பேருக்கு நேரேதான் புள்ளடி போடுவேன். உன் பிலோமினா வெல்வதென்றால், என்னை முழுதாக வெல்லட்டும்.

உன் பெண்சாதியிடம் தோற்ற,
உன் மச்சான்
மரியதாஸ்