குன்னூர்ச் செடியும் என் கத்தியும்

ஜன. 7, 2001. ஞாயிறு

காலையில் மூட்டம். எதிர் குவார்ட்டர்ஸ்கூடத் தெரியவில்லை. ஜெயாவைச் செங்கல்பட்டில் பஸ் ஏற்றிவிட்டேன். குன்னூரில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். 28-ஆம் தேதிதான் வருவாள். அதுவரை நானே ராஜா, நானே சமையல்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்:
– இலைக்கிண்ணத்துத் தண்ணீரை வாரம் இருமுறை மாற்றவும். கொசு.
– காய்ந்த இலை நுனி: கத்தரிக்கோல்.
– பூத்தண்டு முழுக்கக் காய்ந்ததும் அடியில் வெட்டவும்.
– மற்ற வெட்டெல்லாம் பனி போனபிறகு. நான் வந்து.

எல்லாம் அந்த புரோமிலியாட் செடிக்கு. அன்னாசிக்குச் சொந்தமாம், இலைகள் நடுவில் கிண்ணம்போல் கூடித் தண்ணீர் தேக்கும். போன வருஷம் அவள் அண்ணன் கொடுத்தனுப்பியது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், அவள் ஊர்ச் செடி ஒன்றுகூட இந்த உப்புக்காற்றில் பிழைத்ததில்லை. இது பிழைத்து, சிவப்பாகப் பூத்தும்விட்டது. வீட்டிலேயே குளிர்ந்த இடம் என்று பாத்ரூம் ஜன்னலில் குடித்தனம். எனக்குச் சோப்பு வைக்க இடமில்லை.

பனி போனபிறகாம். எந்தப் பனி? உறைபனி விழ இது குன்னூரா? இங்கே சட்டையோடு தூங்கினாலே குளிர்காலம்.

ஜன. 13. சனி, போகி

வீடு கழுவினேன். முதுகு போயிற்று. பூத்தண்டு காய்ந்திருந்தது, விதிப்படி வெட்டினேன். பார்த்தால் செடியின் அடியில் மூன்று பக்கக்கன்றுகள், விரல் நீளம். படாளத்தில் அப்பாவின் வாழைத்தோப்பில் கன்று அறுத்தே வளர்ந்தவன் நான். விட்டால் தாயின் சத்தை உறிஞ்சிவிடும். காய்கறிக் கத்தி, மூன்றே இழுப்பு. கிழிந்த பாய், பழைய காலண்டரோடு, போகிக்குக் கொளுத்த வாசல் குப்பையில் போட்டாயிற்று.

ஜெயா பார்த்தால் அசந்துபோவாள். மதியம் ரசம், அப்பளம்.

ஜன. 15. திங்கள்

ஜெ. போன். மாமியாருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, நன்றாகத் தெரிகிறதாம். பிறகு:

"ஏங்க, செடிக்கு அடியில குட்டி வந்திருக்கா பாருங்க. பூத்த செடி இனிமே பூக்காது, கொஞ்ச நாள்ல அதுவே போயிடும். குட்டிங்கதான் இனி நம்ம செடி. தாய்ல பாதி உசரம் வந்தாதான் பிரிக்கணும், தொட்றாதீங்க."

"வந்துச்சு."

"எத்தனை?"

"மூணு."

பொய் இல்லையே. வந்தது மூன்றுதான். அங்கே அவள் கத்துவது கேட்டது: "அம்மா, மூணு குட்டிம்மா!"

வாசலுக்கு ஓடினேன். போகிச் சாம்பல்தான். சாப்பாடு இறங்கவில்லை.

ஜன. 17. புதன்

பொங்கல் லீவு முடிந்து கன்னியம்மா வந்தது. எங்கள் வரிசையில் குப்பை எடுப்பவர், ஊர் நெம்மேலி. கேட்டுவைப்போமே என்று கேட்டேன்.

"அந்த அன்னாசிக் கன்னா சார்? கொளுத்தறதுக்கு மின்னாடியே எடுத்துகினு பூட்டேனே. பச்சையா கீது, அத்தப் போயி நெருப்புல போடுவாங்களா? வூட்டாண்ட நட்டுகினேன்."

அந்த இடத்திலேயே கும்பிட்டேன். "இன்னா சார், காலங்காத்தால," என்று சிரித்தது.

ஜன. 18. வியாழன்

ஆபீஸ் விட்டதும் ஸ்கூட்டரில் நெம்மேலி, கன்னியம்மா வீடு. சவுக்கு நிழல், மணல், தேங்காய் நார். மூன்று கன்றும் நிமிர்ந்து நிற்கின்றன! பேரன் பேத்தியைப் பார்த்ததுபோல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எடுத்துப்போகிறேன் என்று குனிந்தால் கையைத் தட்டிவிட்டது.

"இப்பதான் வேர் வுட்டுகினு கீது. புடுங்குனா பூடும். நீ அறுத்த வரைக்கும் போதும் சார்."

நியாயம்தான். கருவாடு கொடுத்தனுப்பியது. இரவுக்கு அதுவே.

ஜன. 28. ஞாயிறு

ஜெ. வந்தாள். சுவெட்டரைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்ரூம். பஸ் ஸ்டாண்டிலிருந்து மனதுக்குள் நான் ஒத்திகை பார்த்துவந்த எதுவும் வாயில் வரவில்லை. கதவருகில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். வாழை, போகி, கன்னியம்மா. காபி ஆறிப்போயிற்று. அப்புறம் அவள், "வண்டிய எடுங்க."

நெம்மேலியில் கன்றுகள் முன் குந்தி, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கன்னியம்மாவுக்குப் பெருமை தாளவில்லை.

"அடுத்த வருசம் பயம் தரேம்மா, சாரு வாயி இனிக்கும்."

"பழம் வராதுக்கா. இது பூ மட்டும்தான்."

"பயம் வராதா? அப்ப இன்னாத்துக்கு இத்தினி நாளு தண்ணி ஊத்திகினு கீறேன்!"

ஜெயா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. மூன்றும் இனி கன்னியம்மாவுக்கே என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒருபக்கம் வருத்தம். வீட்டில் இருப்பது வாடப்போகும் தாய் மட்டும்தானே.

ஜன. 29. திங்கள்

காலை ஆறு மணி. பாத்ரூமிலிருந்து அலறல். வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். ஜெயா தாய்ச்செடியின் அடி இலையை விலக்கிப் பிடித்திருக்கிறாள். உள்ளே, நான் வெட்டிய தழும்புக்குப் பக்கத்திலேயே, நகம் அளவுக்குப் பச்சை. நாலாவது!

இரண்டு பேரும் பல்கூடத் துலக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆபீசுக்கு நேரமாயிற்று. தக்காளி நறுக்கலாம் என்று போனால் கத்தியைக் காணோம். கேட்டேன்.

"பனி போனப்புறம் தரேன்."