கிருமிக்குக் கறிச்சாறு

மார்கழி 9, வியாழன் இரவு.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் என் மகள் விசாலத்துக்குக் காய்ச்சல் கண்டு இது பதினெட்டாம் நாள். ரத்தத்தில் கிருமி இருக்குமோ என்று டாக்டர் நாலு நாள் முன்பு அவள் ரத்தத்தை எடுத்து, ஒரு புட்டியில் ஆட்டுக்கறிச் சாற்றோடு சேர்த்துக் கதகதப்பாக வைத்தார். "வளந்தாத்தான் இன்ன கிருமின்னு தெரியும், செட்டியாரே." மார்கழியில் எங்கள் வீட்டில் யாரும் கறி தொடுவதில்லை. பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர், கிருமிக்கு மட்டும் விருந்தா என்று அவள் காதுபடக் கேலி பேசினேன்.

இன்று கிருமி வளர்ந்து புட்டி கலங்கிவிட்டது. இந்தப் பக்கம் காணாத கிருமியாம். நீளமான பெயர். மூன்று தரம் சொல்லச் சொல்லி, என் நாலாம் வகுப்பு இங்கிலீஷில் எழுதிக்கொண்டேன். பாதி குணமானது போல ஒரு தெம்பு.

"மருந்து ரங்கூன்ல இருந்தாலும் வரவழைச்சிருவேன், எங்க கிடைக்கும்?"

"பேருதான் கண்டுபிடிச்சிருக்காக. மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

கட்டிலில் விசாலம் கண் திறந்தாள். "அப்பச்சி, அது நல்லாச் சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு ஆத்தா."

"எனக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க."

மார்கழியாவது ஒன்றாவது. காலையில் கறி வாங்கி, சாறு வைத்துக் கொண்டுவரச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். விடிகிறவரை அவள் அதே ஆசையோடு இருக்க வேண்டும்.