என் நம்பர், உன் விலாசம்

செஞ்சி,
புரட்டாசி 18, சனிக்கிழமை.

அன்பு மகள் சுமலதாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளை பிரசாந்தும் அதேபோல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் அம்மா காலையிலேயே சிங்கவரம் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருக்கிறாள். புரட்டாசிக் கூட்டத்தில் படியேறி இறங்கி வர அவளுக்கு மதியம் ஆகும், அதற்குள் எழுதி போஸ்ட் ஆபீசில் சேர்த்துவிட வேண்டும், இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலு நாளாகப் போனில் சொல்லப் பார்க்கிறேன், நீ சாப்டியா நைனா என்று கேட்டதும் மழை பெய்தது, கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்று எதையோ பேசி வைத்துவிடுகிறேன்.

சித்திரையில் நீ வந்திருந்தபோது திண்டிவனத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனோமே, அதிலிருந்து சொல்கிறேன். அஞ்சு மாசம் முடியறவரிக்கும் வெளிய மூச்சு வுடக் கூடாது என்று அம்மா நம் மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள், செஞ்சியில் எடுத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்றுதான் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போனோம். நீ உள்ளே இருந்தாய், கவுண்டரில் கொடுத்த பாரத்தை நான்தான் எழுதினேன். நாலு பேர் எதிரில் உனக்குப் போன் வந்து நீ பதில் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது என்று என் நம்பரைப் போட்டேன், விலாசத்துக்கு மட்டும் உன் புனே விலாசத்தை முத்து முத்தாக எழுதினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு. அடியில் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவன், கையில் கொடுத்த டிக்கெட்டைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்கிறவர்களை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.

ஒரே வாரத்தில் போன் வர ஆரம்பித்தது. ஒருவன் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வைக்கிறோம் என்றான், ஒருத்தி இன்சூரன்ஸ் என்றாள், இன்னொருவன் வயிற்றோடு போட்டோ எடுத்து ஆல்பம் போட்டுத் தருகிறேன் என்றான். அப்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஒருவரையும் நான் திட்டவில்லை. என் சொந்தத் தங்கைக்கே நாம் சொல்லாத சேதி இவர்களுக்கெல்லாம் எப்படிப் போனது என்று அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். ஆனியில் நமக்குக் கொடுப்பினை இல்லை என்று ஆகிப்போனது. ஆனால் போன் நிற்கவில்லை கண்ணு. மேடத்துக்கு இருபத்திநாலாவது வாரம், வாழ்த்துகள் என்கிறார்கள், அப்புறம் இருபத்தெட்டு என்கிறார்கள். இல்லைம்மா, அது தங்கவில்லை என்று சொல்வேன், சாரி சார், லிஸ்ட்டுலேந்து எடுத்துடறோம் என்பார்கள், நாலாம் நாள் வேறொரு கம்பெனி. நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டால் ஒருவன் இன்னொருவனைக் கை காட்டுகிறான். அழிக்கிறவன் ஒருத்தன் என்றால் வாங்கி வைத்திருப்பவன் பத்துப் பேர். தங்கவில்லை என்பதையே எத்தனை தடவை ஒரு மனுஷன் தன் வாயால் சொல்லுவான். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு போன் வந்து நின்றது, நான் எடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வந்த போன்தான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. மேடத்துக்கு எங்க கம்பெனி கிஃப்ட் பாக்ஸ் புனே அட்ரஸ்க்கு வருது, பிரசவ தேதிய ஒட்டி அக்டோபர் இருபத்தெட்டுலேந்து ஒண்ணாந்தேதிக்குள்ள கெடைக்கும் என்றாள் ஒரு பெண். நிறுத்தச் சொன்னேன், அனுப்புறது வேற கம்பெனி, நாங்க தகவல் மட்டும்தான் சொல்றோம் என்றாள். மறுநாளே திண்டிவனம் போனேன். ஸ்கேன் சென்டரில் கலைமதி என்று ஒரு பெண் கவுண்டரில் இருந்தாள், நல்ல பெண், என் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு பாரத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். எங்கள் கூட்டாளி நிறுவனங்களுடன் விவரங்களைப் பகிரச் சம்மதிக்கிறேன் என்று இருக்கிறது, கீழே என் கையெழுத்து. நாங்க ஒருத்தருக்குத்தான் குடுத்தோம் சார், அவுங்க யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு எங்களுக்கே தெரியாது, போனது போனதுதான் என்றாள். என் எதிரிலேயே அங்கே இருந்ததை அழித்தாள், அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும். பிறக்காத பிள்ளைக்கு ஒரு முழத் துணிகூட வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம், அம்மா கடைப் பக்கமே போகவில்லை. முகம் தெரியாத எவனோ சட்டையும் குல்லாவும் பெட்டியில் போட்டு உன் வாசலுக்கு அனுப்பியிருக்கிறான். பகலில் மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார், நீ தனியாக வாங்கிப் பிரிப்பாயே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். நீங்களே சொல்லுங்க மாமா, எனக்கு வாய் வரல என்றார். அவர்மேல் வருத்தப்படாதே. உனக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு பெண் முப்பத்தாறாவது வாரம் என்றாள். எப்போதும் சொல்கிறதை நேற்று நான் சொல்லவில்லை. இந்த வாரத்துல கொழந்த எவ்ளோ வெயிட்டு இருக்கும்மா என்று கேட்டேன். ரெண்டரை கிலோவுக்கு மேல இருக்கும் சார் என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன். ஆனிக்கு அப்புறம் நம் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, என் பேரப்பிள்ளையைப் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் இந்தக் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். நான் உன்னோடு பேசியிருக்க வேண்டும் கண்ணு, பேசினால் நீ அழுவாய் என்று பயந்து மழையைப் பற்றிப் பேசினேன்.

தீபாவளிக்கு வரவில்லை என்றாய், சரி, நீ வர வேண்டாம். இருபத்தாறாம் தேதிக்கு ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன், ஒரு வாரம் அங்கே இருப்பேன், அம்மாவிடம் மகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, கடையில் பில் போடும்போது நம்பர் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகு. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ நைனாவின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள், இருபத்தெட்டாம் தேதியிலிருந்து யார் மணி அடித்தாலும் நீ எழுந்திருக்காதே. கதவை நான் திறக்கிறேன்.

உன் நைனா,
தனகோட்டி